தட்டு விழுந்த சத்தம்

நேற்றுச் சாயங்காலம் முன்னறையில் எவர்சில்வர் தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டது. "யாருடி அது தட்டைப் போட்டது?" என்று அடுப்பங்கரையிலிருந்து வந்து பார்த்தேன். தரையில் தட்டு எதுவும் இல்லை. லீவுக்கு வந்திருக்கும் பேத்தி தாரணி மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் அதற்குள்ளிருந்து வந்திருந்தது. அது என் தட்டு. உங்களுக்காக நான் கீழே போட்டுக் கொடுத்த தட்டு.

'நீங்கள்' என்றே எழுதுகிறேன். உங்கள் பாஷையிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு என்று சொன்னது நீங்கள்தான். எங்கள் மாடி அறைக்குக் குடிவந்த இரண்டாவது மார்கழியில், "அக்கா, எனக்கு நீ சொல்லு. நீங்க வேணாம்" என்றீர்கள். அன்றிலிருந்து நீதான். அந்த 'நீ'யை நேற்று நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

செங்கம் ரோட்டுப் பக்கம் வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கண்ணை மூடி உட்கார வருகிறவர்கள். நீங்கள் விடிகாலையில் ஆசிரமத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து, மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "கண்ணை மூட வந்துட்டு கண்ணைக் கெடுத்துக்கிறியேம்மா" என்றதற்குச் சிரித்தபடி அதை என் பக்கம் திருப்பினீர்கள். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நீங்கள் வாத்தியார். பிரெஞ்சு புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கப் பயிற்சிகள் தயாரித்துக்கொண்டிருந்தீர்கள். வார்த்தை கேட்கும், அதற்கான படத்தைத் தொட வேண்டும். "ஒரு எழுத்தும் தெரியாத ஆள் எனக்கு வேணும் அக்கா. உனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்" என்றீர்கள்.

"நான் அஞ்சாங்கிளாஸோட பரீட்சைக்குக் கும்பிடு போட்டவ" என்றேன். ஆனாலும் உட்கார்ந்தேன். பூ கட்டிக்கொண்டே படத்தைத் தொடுவேன். ரொட்டி, வீடு, பூனை. சரியாகத் தொட்டால் மணி அடிக்கும். தப்புக்கு என்ன சத்தம் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். "எங்க வீட்டுல தப்பு நடந்தா தட்டுதான் விழும்" என்றேன். சிரித்து முடிக்க உங்களுக்கு வெகுநேரம் ஆனது. பிறகு போனை நீட்டிப் பிடித்தீர்கள், நான் தட்டைப் போட்டேன். தெரு நாய் எழுந்து ஓடியது.

இன்னொன்றும் சொன்னேன். "தப்புனு சத்தம் மட்டும் போட்டா புள்ளைங்க மூடி வெச்சிட்டுப் போயிடும். ஏன் தப்புனு சொல்லிக் குடு." அதையும் செய்தீர்கள். தட்டு விழுந்ததும் கீழே இரண்டு வரியில் விளக்கம் வரும்படி வைத்தீர்கள்.

அப்புறம் ஒருநாள் பயிற்சிக்கு என் குரலும் வேண்டும் என்றீர்கள். கண்ணாடி டம்ளரில் ஜூஸ் இருக்கிற படத்தைக் காட்டி, 'புவாசோன்' என்று சொல்லச் சொன்னீர்கள். குடிக்கிற பானத்துக்கு உங்கள் பாஷையில் அதுதான் பேர். சொன்னேன். சொல்லிவிட்டு, "சரியா?" என்று கேட்டேன். "த்ரே பியேன், அக்கா! ரொம்ப நல்லா!" என்று கையைப் பிடித்துக்கொண்டீர்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னீர்கள். மனசுக்குப் பிடித்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அதை நான் யாரிடம்தான் சொல்லவில்லை! மளிகைக்கடை பாய், "என்னம்மா, உங்க குரலு பாரீஸ்ல பேசுதாமே? இனிமே பருப்பு கேக்கக்கூட பிரெஞ்சுதானா?" என்று கிண்டல் பண்ணுவார். "பேசுது பாய். உங்க கடைக் குரலையும் வேணா அனுப்பச் சொல்றேன்" என்பேன். ஐந்தாவது படித்தவளைக் கேட்டு அங்கே காலேஜ் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற நினைப்பில் என் நடையே மாறிப் போயிருந்தது. ஊருக்குத் திரும்பிய நீங்கள் அங்கே இறந்துபோனதாக உங்கள் தம்பி சேதி அனுப்பியபோது, அந்த வருஷத் தீபத்துக்கு உங்கள் பேரில் தனியாக ஓர் அகல் ஏற்றினேன். கூடப் பிறந்தவளுக்குச் செய்வதுபோலத்தான் செய்தேன்.

நேற்று தாரணி கம்ப்யூட்டரை மூடப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல ஆயா, ஹோம்வொர்க்."

"என் தட்டு எனக்குத் தெரியாதா? தொறடி."

அவள் காலேஜில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். அவர்கள் டீச்சர் கொடுத்த பயிற்சி உங்களுடையது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. திறந்தாள். டம்ளர் படம். என் குரல். "புவாசோன்... சரியா?" பக்கத்தில் சரிக்குப் பச்சையில் ஒரு குறி, தப்புக்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. நான் பச்சையைத் தொட்டேன்.

தட்டு விழுந்தது.

"என்னடி இது?"

"அது... நீங்க சொன்னது மீன் ஆயா. டம்ளர் படத்துக்கு மீனுனு சொல்லியிருக்கீங்க. ஆரம்பத்துல தமிழ்க்காரங்க பண்ற தப்பு இது, கண்டுபிடிங்கனு போட்டிருக்காங்க." தலையைக் குனிந்துகொண்டாள். "கிளாஸ்ல எல்லாம் ஒருத்தர ஒருத்தர் 'சரியா? சரியா?'னு கேட்டுச் சிரிக்கிறாங்க. எங்க ஆயா குரலுனு நான் சொல்லல."

அவள் சொல்லாததுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளின் பேத்தி.

"மாத்தச் சொல்லு."

"செஞ்சவங்கதான் மாத்த முடியுமாம். டீச்சர்கிட்ட கேட்டுட்டேன் ஆயா."

கீழே அந்த இரண்டு வரி இருந்தது. படித்துச் சொல்லச் சொன்னேன். இரண்டு வார்த்தைக்கும் முதல் சத்தம்தான் வித்தியாசம், மீனுக்கு உதடு மட்டும் வெடிக்க வேண்டும், பானத்துக்குத் தொண்டையும் அதிர வேண்டும் என்று இருந்ததாம். தாரணி இரண்டையும் சொல்லிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்தது. இது தெரியாதா எனக்கு? பாய் கடையில் பாய் வாங்குகிறவள் நான். எழுத்து ஒன்றுதான். படுக்கிற பாய்க்கு ஒரு சத்தம், கடைக்கார பாய்க்கு ஒரு சத்தம். பிறந்ததிலிருந்து மாற்றிச் சொன்னதில்லை. மீன் என்றால் படுக்கிற பாய், பானம் என்றால் கடைக்கார பாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே திருத்திக்கொண்டிருப்பேன்.

நீங்கள் கேட்கவில்லை. நான் திருந்திவிட்டால் உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியிருந்தது அந்தத் தப்புதான். தப்பு வேண்டும் என்று சொல்லியிருந்தால் தப்பாகவே நூறு தடவை சொல்லியிருப்பேன், சிரித்துக்கொண்டே. சத்தத்துக்குத் தட்டைப் போட்டவள்தானே நான். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு 'ரொம்ப நல்லா' என்றீர்கள். ஏன் தப்பு என்று உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் விளக்கம் எழுதினீர்கள். கூட உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அது வரவில்லை.

இந்த வருஷம் அகல் ஏற்றுவேனா, தெரியாது. இன்று காலையில் மாடி அறையைப் பெருக்கப் போனேன். நீங்கள் உட்காரும் ஜன்னலோரம் மலை தெரிந்தது. துடைப்பத்தைச் சாத்திவிட்டுத் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டேன். கடைக்கார பாயை நினைத்துக்கொண்டு சொன்னேன். தொண்டை அதிர்ந்தது. மறுபடி சொன்னேன், அதிர்ந்தது. இனி நான் சாகிறவரைக்கும் இதைத் தப்பாகச் சொல்ல மாட்டேன். அங்கே அந்தப் பெட்டிக்குள் தப்பாகவே சொல்லிக்கொண்டிருப்பேன்.

உனக்குக் கேட்கிறதா? புவாசோன்.

சரியா?