சமுதாயம் பார்த்துக்கொள்ளும் என்றிருந்த மூன்று நாட்கள்

என் சூசை அண்ணனுக்கு,

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து நேற்றுதான் காரமடைக்குத் திரும்பினேன். இனி உங்களோடு சண்டை போட முடியாது என்பது இன்னும் மண்டையில் ஏறவில்லை. காலையில் காபி ஆற்றும்போது உங்கள் குரல் கேட்கிறது. அதே பழைய பேச்சு.

"சமுதாயம்னு ஒண்ணு எங்க அம்மணி இருக்குது? நீ இருக்கற, நான் இருக்கறேன், அந்தந்த ஊட்ல ஆளுங்க இருக்கறாங்க. அவ்வளவுதான்."

மாதர் சங்க மேடைகளில் பேசுகிறவள் நான், விடுவேனா? "அப்ப நீங்க முதலாளி பக்கமுங்கண்ணா. ஏழைபாழை எப்படியோ போகட்டும்னு சொல்றீங்க" என்று சாப்பாட்டுக்கு நடுவில் கத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு வருடம் சிங்காநல்லூர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு வீம்பு எனக்கு.

பூசைக்கு உங்கள் பழைய பட்டறை ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் சொன்னார்: "ஸ்ட்ரைக் அப்ப முதலாளியும் இதையேதானுங்க சொன்னாரு. சமுதாயமாவது ஒண்ணாவது, அவனவன் பொழப்ப அவனவன் பாருன்னு. அண்ணனும் சமுதாயமே இல்லைன்னு சொல்லிப்போட்டுத்தான், தினமும் எங்ககூட பட்டறை கேட்டு முன்னால உக்காந்தாருங்க."

முதலாளி அதைச் சொல்லிக் கேட்டைப் பூட்டினார். நீங்கள் அதையே சொல்லி வெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த ஒரு பேச்சை வைத்து உங்கள் கட்சியை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் அண்ணா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "அண்ணனுக்குக் காய்ச்சலுங்க, நாங்க காங்கேயம் கிளம்பறோமுங்க" என்று உங்கள் பக்கத்து வீட்டம்மா போன் செய்தார். "அன்பியத்துல பாத்துக்குவாங்க" என்றேன். உங்கள் தேவாலயப் பங்கில் சில வீடுகள் சேர்ந்த குழு அது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அவர்களோ, கூடப் பிறந்தவள் வந்திருப்பாள், நடுவில் நாம் எதற்கு என்று இருந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அந்தம்மா திரும்பி வந்து தொட்டதும் கதவு திறந்துகொண்டதாம். அதற்குள் நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். தாழ்ப்பாள் போடாமல் படுத்திருக்கிறீர்கள். யாரை எதிர்பார்த்தீர்கள்?

சமுதாயம் இருக்கிறது என்றுதான் இன்றும் சொல்வேன். உங்களுக்காகக்கூட அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அதை நம்பித்தானே வீட்டில் உட்கார்ந்திருந்தேன்? என்னை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

இனி யார் முடியாமல் கிடந்தாலும், வேறு யார் போகிறார்கள் என்று கேட்க மாட்டேன். பஸ் ஏறிவிடுவேன். இது உங்களுக்கு என் வாக்கு. காரமடையிலிருந்து சிங்காநல்லூருக்கு ஒன்றரை மணி நேரம்தான் அண்ணா.

வராமல் போன உங்கள் தங்கை,
ஸ்டெல்லா