பழைய பாஸ்வேர்டு கேட்கிறது

இல்லடா, இன்னும் மாற்றவில்லை. நீ இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பாய். மாற்றத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் பெட்ஷீட் டிசைன் எல்லாம் உன் தங்கை நித்யாவின் புது டிஸ்க்குக்குக் காப்பியாகிக்கொண்டிருக்கிறது. பச்சைக் கோடு பாதிகூட நகரவில்லை. லேப்டாப்பை விட்டு எழுந்து போகவும் முடியாது, கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியாது. என்னைப் பற்றி உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

பையிலிருந்து உன் டிஸ்க்கை எடுத்ததும் கஞ்சி வாசம் அடித்தது. உன் அம்மா பெட்ஷீட் ஓரத்தை வெட்டித் தைத்துக் கொடுத்தாரே, அந்தப் பை. எதற்குடா இதற்கு உறை என்று கேட்டேன். "ஏனுங்க எஞ்சினியரு, ஏசி ரூம்ல அதுக்குக் குளுராதுங்களா?" என்றாய். கோயமுத்தூரில் காலேஜைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு நீ வைத்த பட்டம் அது. ஊரே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியபோது நீ மட்டும் அதை வைத்துச் சிரித்தாய். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நேரம் இல்லை.

காலையில் உன் பெரியப்பா மகன் சென்னிமலையில் இருக்கிற உன் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். "சின்னம்மா, தம்பியோட டிஸ்க்கு சும்மாதான கெடக்குது. குடுங்க, பாத்துப்போட்டுத் தாரேன்" என்றாராம். அம்மா சரி என்றுவிட்டார். வாங்கிக்கொள்ள இன்றைக்கே இங்கே வருகிறார். இவர் உன் டிசைனைத் தன் டிசைன் என்று காட்டி, தறிக்காரர்களிடம் ஏற்கெனவே ஒருமுறை பெயர் வாங்கியவர். நீ போய்க் கேட்டதற்கு, "ஒரே குடும்பந்தானுங்க தம்பி" என்று உனக்கே காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மனுசன் ஒரு தடவைகூட குரலை உயர்த்தியதில்லை. அதனால்தான் அவரோடு எப்படிச் சண்டை போடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

நான் அம்மாவுக்குப் போன் செய்து, "ஏம்மா சரின்னீங்க?" என்று கத்திவிட்டேன்.

"பங்காளி ஊட்டுப் பையன் கேக்கறான். இல்லைன்னு எப்புடிக் கண்ணு சொல்றது? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவந்தான வந்து நிக்கோணும்?"

நீ போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட முன்னால் வந்தவர் அவர்தான். அதையும் மறக்க முடியாது.

நித்யா போனை வாங்கினாள். திங்கள்கிழமை பெருந்துறையில் ஒரு ஏற்றுமதிக்காரரைப் பார்க்கப் போகிறாள். உன் கடைசி டிசைனை, நீ பாதியில் விட்டதை, அவள்தான் கட்டம் கட்டமாக நிரப்பி முடித்தாள். அவள் தனியாகப் போய் நிற்கப்போகும் முதல் இடம். அதற்கு முன்னால் அதே டிசைனோடு உன் பெரியப்பா மகன் அங்கே போய் உட்கார்ந்தால், அவருடையதைத் திருடியவள் என்று இவளுக்குத்தான் பெயர் வரும்.

"அழிச்சுட்டு வெறும் டிஸ்க்கக் குடுத்தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்கண்ணா. அம்மா தாரேன்னு சொல்லிப்போட்டாங்க. குடுக்கறதுன்னா குடுத்தரோணும். ஆனா பூட்டிக் குடுங்க."

உன் தங்கைதான். சந்தேகமே இல்லை.

ஆனால் அது ஏற்கெனவே பூட்டித்தானே இருக்கிறது என்று கேட்பாய். இருக்கிறது. சாவியை நீயே அவருக்குக் கொடுத்து வைத்திருக்கிறாய்! ஒரு தடவை அவர் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய், திறக்கவில்லை என்று போன் செய்ய, நீ கீழே பேக்கரியில் நின்றுகொண்டு பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினாயாம். நான் அப்போது ரூமில் தூங்கிக்கொண்டிருந்தேன். டீ மாஸ்டர்தான் பிறகு சொன்னார். "உங்க கூட்டாளியால பாதி இங்கிலீசு எனக்கும் வந்துருச்சுங்க."

ஆக, நிலைமை இதுதான். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. உன் லேப்டாப்பில் சொருகினால் கேட்காமலே திறக்கும்படி நீ வைத்திருந்தாய், நான் ஒருநாளும் அடித்ததே இல்லை. இப்போது மாற்றலாம் என்று போனால், முதல் கட்டத்திலேயே பழைய பாஸ்வேர்டு கேட்கிறது. அதைச் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பஸ் ஏறி இங்கேதான் வந்துகொண்டிருக்கிறார். அவரிடமா கேட்க முடியும்?

என்ன சொல் என்பது தெரியும். நீயே சொல்லியிருக்கிறாய். "தெனமும் எங்கம்மாகிட்டச் சொல்றதுதானுங்க." வேலை முடிந்ததும் போனை எடுத்து அம்மாவிடம் சொல்வாயே, அது. வீட்டுக்கு வரேன் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். தப்பு. வருகிறேன் என்று அடித்தேன். தப்பு. இடம் விட்டு, விடாமல், பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில். எல்லாம் தப்பு. நிறுத்திக்கொண்டேன். இன்னும் தப்பாகப் போட்டால் கேட்பதையே நிறுத்திவிடும், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் மறுபடி கேட்கும். உனக்கே ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. இப்போது அணைத்தால் காப்பி அறுந்துவிடும். போதாததற்கு இன்றைக்கு இந்த ஏரியாவில் பராமரிப்பு வேலை, எந்த நேரமும் கரண்டை நிறுத்துவார்கள். இந்த லேப்டாப்பின் பேட்டரி செத்தது உனக்கே தெரியும்.

இரு, கீழே போய் வருகிறேன். மாஸ்டரைக் கேட்டுப் பார்க்கிறேன்.

வந்துவிட்டேன். மாஸ்டர் பால் ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அதெல்லாம் ஆருங்க ஞாபகம் வெச்சிருக்கா? மொத எழுத்து மட்டும் தெரியுமுங்க. ஓ, ஓ, ரெண்டு ஓ போடுங்கண்ணான்னு ரோட்டுக்கே கேக்கறாப்புல கத்துனாருங்க. கடைல இருந்தவிய எல்லாம் ஆருக்கோ அடிபட்டுருச்சுன்னு எந்திரிச்சுட்டாங்க."

ரெண்டு ஓ. வீட்டுக்கு என்பதில் எங்கே ரெண்டு ஓ வருகிறது? படி ஏறும்போதே நித்யாவுக்குப் போன் போட்டேன். நான் அடித்துப் பார்த்ததை எல்லாம் ஒப்பித்தேன். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"ஏனுங்கண்ணா, அவன் எப்பவாச்சும் வீடுன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஊடு! ஊட்டுக்கு! அந்த ஊவன்னாவுக்குத்தான் ரெண்டு ஓ. நானும் பேசும்போது ஊடு என்றுதான் சொல்கிறேன். கீபோர்டில் கை வைத்தால் மட்டும் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி வீடு ஆகிவிடுகிறது. படிப்பை நான் விட்டேன், அது என்னை விடவில்லை போல. நீ பேசுகிற மாதிரியே அடிக்கிற ஆள்.

அடித்தேன். ஊட்டுக்கு வாரேன். எண்டரைத் தொடப்போனபோது விரல் நின்றுவிட்டது. நீ எப்போது யாரிடம் மொட்டையாக வாரேன் என்றிருக்கிறாய்? பெற்ற தாயிடம், டோல்கேட்டில் நிற்கிறவனிடம், பிரிண்டரில் காகிதம் சிக்கினால் அதனிடம்கூட, "ஏனுங்க, உடுங்க" என்பவன் நீ. மிஷினிடம் எதற்குடா மரியாதை என்று கேட்டால், "மரியாதையாக் கேட்டுப் பாருங்க, தெறக்கும்" என்பாய்.

ங்க சேர்த்தேன். ஊட்டுக்கு வாரேனுங்க.

ஏற்றுக்கொண்டது. புது பாஸ்வேர்டு என்ன என்று கேட்கிறது.

பழையதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலமும் இந்த ரூம் வாசலில் நின்று, ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் அதைத்தான் சொன்னாய். பைபாஸ் தாண்டி ஊர் ரோட்டுக்குத் திரும்பவில்லை நீ. அம்மா இன்னும் அந்த நேரத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நித்யா சொல்வாள். நீ சொல்லி நடக்காமல் போன ஒரே வார்த்தை இது. டிஸ்க்குக்குள் மட்டும் நீ தினமும் வந்துகொண்டிருந்தாய். அதை நான் அழிக்கப் போகிறேன், உன் பெரியப்பா மகன் அதைச் சொல்லி உள்ளே வரக் கூடாது என்பதற்காக.

மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். நீ இருந்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாய். இல்லை, நீயாக இருந்தால் செய்திருக்கமாட்டாய், அவருக்கு டீ சொல்லியிருப்பாய். அதற்குத்தானே நான் இருக்கிறேன்.

காப்பி முடிந்துவிட்டது. நித்யாவின் டிஸ்க்கைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். புதியதை அடித்தேன். இரண்டாவது முறையும் அடிக்கச் சொன்னது, அடித்தேன். ஃபேன் ஒரு நொடி தயங்கியது, கரண்டு போய்விட்டது என்றே நினைத்தேன், மறுபடி சுற்றியது. மாற்றியாகிவிட்டது என்று வந்தது. தானாகத் திறப்பதையும் நிறுத்திவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி, திரும்பச் சொருகி, பழையதைப் போட்டுப் பார்த்தேன். தவறு என்றது. தவறாம்.

புதியது என்ன என்று நித்யாவுக்கு மட்டும் சொல்வேன். உனக்குச் சொல்லமாட்டேன், நீ பேக்கரியில் நின்று கத்துவாய். கடைசியில் ங்க இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள். விரல் அதுவாகவே போட்டுவிட்டது. இப்போதெல்லாம் வாயிலும் வந்துவிடுகிறது. நேற்று பிரிண்டரிடம் சொன்னேன்.

டிஸ்க்கைப் பைக்குள் போட்டு நாடாவைக் கட்டிவிட்டேன். அம்மா சொன்ன சொல்படி பையோடு கொடுக்கிறேன். இல்லை, பையைக் கொடுக்கமாட்டேன். டிஸ்க்கை மட்டும்.

கீழே அவர் குரல் கேட்கிறது. "ஏனுங்க தம்பி, மேல வரலாமுங்களா?"

"வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டேன். நாடா அவிழமாட்டேன் என்கிறது. போகணும்டா.