மெயினை நிறுத்தினியா?

கண்ணு,

என் போன் அணைந்தே கிடக்கிறதென்று கோபப்படாதே. வீட்டில் கரண்ட்டை நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அப்பாவின் மறதி நோயில் மூளை செல்களுக்கு இடையிலான இணைப்புகள் முதலில் அறுந்துபோகும், பிறகு செல்களே சுருங்கிச் செத்துவிடும் என்றார் டாக்டர். எலக்ட்ரீசியனாயிற்றே உன் அப்பா! "ஜாயின்ட்தானே லூசு? நான் பாத்துக்கறேன்" என்று சுவிட்ச் போர்டையெல்லாம் கழற்றுகிறார்.

கை வைக்குமுன் "மெயினை நிறுத்தினியா?" என்பார். நான் நிறுத்திவிட்டு வந்த பிறகும் திரும்பத் திரும்பக் கேட்பார். எரிச்சலாக வரும்.

போன வாரம் கேட்கவில்லை. கரண்ட் ஓடும் போர்டுக்குள் நேராக ஸ்க்ரூட்ரைவரை நீட்டினார். கையைத் தட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து, மெயினில் பிடுங்கிய ஃபியூஸ் கட்டை என் இடுப்பில்தான். அந்தக் கேள்வி வருமா என்று அவர் பின்னாலேயே அலைகிறேன்.

வேறொன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். வரும்போது ஒரு டார்ச் கொண்டு வா.

அம்மா