சம்பந்தமில்லாத கிளட்ச் கேபிள்

செப்டம்பர் 9, திங்கள்

இன்று காலையும் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. புது பேட்டரி போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

என் மனைவி ஹில்டா மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் எர்ணாவூர் போனாள். செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளாக ஏற்றுக்கொண்ட வேலை: படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் புண் கட்டுவது. மனோகரன் என்பவருக்கு முதுகில் ஆழமான படுக்கைப் புண். ஒரு தடவை தவறினாலும் சீழ் வைத்துவிடும் என்கிறாள்.

இருப்பினும், சென்ற வாரம் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அணைந்த வண்டி மறுபடி கிளம்பவில்லை என்பதை நான் புறக்கணிக்க இயலாது. விற்றுவிடுவதே உசிதம். தரகர் ஜெரால்ட் ஞாயிறு பூசைக்குப் பின் வருகிறார்.

"வித்துக்கோங்க. நான் பஸ்ல போறேன். போகாம மட்டும் இருக்க மாட்டேன்" என்கிறாள் ஹில்டா.

அந்தப் பெட்டியோடு, அந்தக் கூட்டத்தில், எத்தனை நாளைக்கு?

செப்டம்பர் 10, செவ்வாய்

விற்கும் முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று காலித்தை அழைத்தேன். தண்டையார்பேட்டையில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். நாற்பது வயதிருக்கும், தெருவுக்கே கேட்கிற குரல்.

என்ன கோளாறு என்று ஹில்டாவிடம் கேட்டார். "கிளட்ச் மிதிக்க இறுக்கமா இருக்கு. போன மாசம்தான் கேபிள் மாத்தினேன், அதுவும்..." என்று தொடங்கினாள். நான் இடைமறித்தேன். அது சம்பந்தமில்லாத விஷயம். பேட்டரியைப் பற்றி மட்டும் சொல் என்றேன்.

வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எஞ்சினை ஓடவிட்டு, ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மீட்டர் வைத்தார் காலித். பன்னிரண்டு வோல்ட் சொச்சம். எஞ்சின் ஓடும்போது குறைந்தது பதினான்கு இருக்க வேண்டுமாம்.

"டைனமோ காலி சார். பேட்டரி மேல தப்பே இல்ல. சோறு போட்டாதானே அது வேலை செய்யும்?"

ஆல்டர்னேட்டரை இந்தப் பக்கம் எல்லாரும் டைனமோ என்றே சொல்கிறார்கள்.

செப்டம்பர் 11, புதன்

வேறு டைனமோ மாட்டினார். பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். சாவியைத் தொட்டதும் கிளம்பியது. ஹில்டா எர்ணாவூர் போய்த் திரும்பினாள். ஜெரால்டை வர வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மறுபடியும்! மனோகரன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. தெருக்காரர்கள் தள்ளிவிட்டிருக்கிறார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறாள். எதுக்கு இந்தப் பாடு? இந்த வயசுல யாரு கேட்டா இவகிட்ட? — போதும். ஞாயிறு வண்டி போகட்டும்.

செப்டம்பர் 14, சனி

இன்று கண்டதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

காலித் வந்ததும் வண்டியைத் தொடவில்லை. நேரே ஹில்டாவிடம் போனார். "சிஸ்டர், அன்னிக்கு கிளட்சப் பத்தி இன்னாவோ சொல்ல வந்தீங்க. சார் குறுக்க பூந்துட்டாரு. அத்த இப்ப சொல்லுங்க."

பாதியில் நின்ற வாக்கியத்தை அவர் நினைவில் வைத்திருந்தார். நிறுத்திய எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஹில்டா சொன்னாள். சாவியைத் திருப்பும்போது சில நாள் தீய்ந்த வாடை வருமாம். கழற்றிய பழைய கேபிளின் மேலுறை நடுவில் உருகியிருந்ததாம்.

"உருகிச்சா? அந்த கேபிளு கீதா?"

டிக்கியில் துணி சுற்றி வைத்திருந்தாள். கழற்றிய எதையும் காரணம் தெரியாமல் எறிய மாட்டாள். நாற்பது ஆண்டு மருத்துவமனைப் பழக்கம். அதைப் பார்த்ததும் காலித் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மறுபடி ஒயர் கொடுத்து எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் உடம்பில் வைத்தார்; மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவில். ஒன்றும் காட்டக் கூடாத இடத்தில் ஏறக்குறைய இரண்டு வோல்ட். எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கும் எர்த் பட்டையை உரித்தார். உள்ளே பச்சை பூத்து, இரண்டொரு இழைதான் மிச்சம். ராயபுரத்து உப்புக் காற்றில் தெருவிலேயே நிற்கும் வண்டி அல்லவா? திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அந்த மெல்லிய கிளட்ச் கேபிள் வழியே போய் அதைச் சுட்டிருக்கிறது. டைனமோ தயாரித்தது; பேட்டரிக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் பழைய டைனமோ நிரபராதி. புதியதைக் கழற்றத் தொடங்கினார். தண்ணீர் லாரி ஓட்டும் பென்னி சிரித்தார். "இன்னா மாமு, அன்னிக்கு மாட்டுன, இன்னிக்கு கழட்டுற? வேண்டுதலா?"

"நான் சொன்னது தப்புடா! டைனமோ நல்லாதான் கீது. போய் நாலு பேருக்கு சொல்லு!"

தெரு முழுக்கக் கேட்டது. நீதிமன்றங்களில் என் காலம் கழிந்திருக்கிறது. தான் சொன்ன தீர்ப்பை, வற்புறுத்துவார் யாருமின்றி, இத்தனை உரக்கத் தானே ரத்து செய்த ஒருவரை நான் அங்கே பார்த்ததில்லை.

புதுப் பட்டை, பழைய டைனமோ. பேட்டரியில் பதினான்குக்கு மேல்.

"அப்போ நான் சொன்னது சம்பந்தமில்லாத விஷயமா?" என்று கேட்டாள் ஹில்டா.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஜெரால்ட் வந்தார். காபி கொடுத்து அனுப்பினேன். "இன்னா சார், வாக்கு மாறலாமா?" என்றார். புதிய சாட்சியம் கிடைத்துவிட்டது என்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடாத மழை. விளக்கு, வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு எர்ணாவூர் போய்த் திரும்பினாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தலையைத் துவட்டியபடி வந்து சொன்னாள்: "லெஃப்ட்ல திரும்புறப்போ கீச்சுன்னு ஒரு சத்தம் வருது."

பேனாவைக் கீழே வைத்தேன். "முதலிலிருந்து சொல்."

மனோகரன் இன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார் என்பதிலிருந்து தொடங்கினாள். சக்கரத்துக்கு வந்து சேர வெகு நேரம் ஆயிற்று. நான் குறுக்கிடவில்லை.