வாசலில் பால் கொடுத்த பெண்ணின் பெயர்

அனுப்புநர்:
மஷாயிர் பாபிகிர் அல்-தாஹிர் (வயது 16),
உம் தலீஹ் கிராமம், பெரிய கால்வாய்க்கு மேற்கே,
வத் ஹாஷிம் வட்டம், ஜஸீரா மாநிலம், சூடான்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மகப்பேறு மருத்துவமனை,
வத் ஹாஷிம்.

பொருள்: என் அக்காவின் குழந்தைக்கு மருத்துவமனை வாசலில் பால் கொடுத்த பெண்ணைக் கண்டுபிடிப்பதற்காகத் தடுப்பூசி அறை முன் உட்கார அனுமதி கோருதல், வாசல் காவலர் எங்களை விரட்டியது குறித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு அமைதி உண்டாகட்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். பெரியவர்கள் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. மேலும் என்னை உள்ளே விடுவதில்லை.

1. என் அக்கா ரிஹாப், தங்கள் மருத்துவமனையில் செய்முறைப் பயிற்சி பெற்றுவரும் மருத்துவச்சிப் பட்டப்படிப்பு மாணவி. இது கடைசி ஆண்டு. எங்கள் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன பெண் அவள் ஒருத்திதான். உயர்நிலைப் பள்ளி டவுனில் இருப்பதால், பஸ்ஸில் அனுப்ப எங்கள் தகப்பனாருக்கு ஒரு மகள் விஷயத்தில்தான் மனம் வந்தது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

2. அவள் எப்படிப் படிக்கிறாள் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். எண்ணெய் டின் ஒன்றின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, அதன் வழியாகத் துணிப் பொம்மையை வெளியே கொண்டுவந்து பழகுவாள். டின்னைப் பிடித்துக்கொள்வது நான். முதலில் தலை, பிறகு மெதுவாக ஒரு திருப்பம், பிறகு தோள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வாள். அடுப்பில் கிஸ்ரா ரொட்டி ஊற்றும்போதும் வாய் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். "பொம்மையே இந்தப் பாடு படுதே, மனுசப் புள்ள ஒன் கையில என்ன பாடு படப்போவுதோ" என்று அவள் மாமியார் சிரிப்பார். மாமியார் என்பவர் எங்கள் பெரியப்பாவின் மனைவி புதைனா. அடுத்த வீடு. அவர் கெட்டவர் அல்ல. கல்யாணத்துக்குப் பிறகும் ரிஹாப் படிக்கட்டும் என்று முதலில் சொன்னதே அவர்தான்.

3. அக்காவின் குழந்தை தஸ்னீமுக்கு ஐந்து மாதம் ஆகிறது. புட்டியை வாயில் வைத்தால் துப்பிவிடுகிறாள். ஆகவே தினமும் காலை பஸ்ஸில் அக்காவோடு நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவேன். முன்பு வெளிநோயாளிகள் வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். வேலைக்கு நடுவே அக்கா வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். போன மாதம், நோயாளி அல்லாத குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். நோய் பரவாமல் இருக்கத்தான் அந்த உத்தரவு என்பது எனக்குப் புரிகிறது. அன்று முதல் நாங்கள் மதிலுக்கு வெளியே, டீ விற்கும் கல்தூம் அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வேப்பமரம் மதிலுக்கு உள்ளே இருக்கிறது. அதன் நிழல் மதியத்துக்கு மேல்தான் வெளியே வரும்.

4. சம்பவம் நடந்த நாள் போன மாதக் கடைசிப் புதன்கிழமை. அன்று ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டதால் அக்காவால் பிரசவ அறையை விட்டு வர முடியவில்லை. காலை போய் மதியமும் வந்துவிட்டது. தஸ்னீம் அழுது அழுது குரல் கம்மி, பிறகு சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து மூடினாள். கல்தூம் அம்மா சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு வைத்தார். அதையும் துப்பினாள்.

5. அப்போது மஞ்சள் நிறத் தவ்ப் துணியை உடம்பு முழுக்கச் சுற்றிய ஒரு பெண், கையில் தம் ஆண் குழந்தையோடு மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தார். மகனை டாக்டரிடம் காட்டிவிட்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தார் போலும். அவர் பேசியதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன். "குடு இங்க. புள்ளைக்குத் தொண்ட கிழியுது, நீ மரம் மாதிரி நிக்கிற. ஒன் புள்ளையா?" என்றார். அக்கா குழந்தை என்றேன். "அக்கா எங்க?" உள்ளே பிரசவம் பார்க்கிறாள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நல்லாருக்கு போ! அவ என்னைப் போல ஒருத்தியப் பாக்குறா, நான் அவ புள்ளையப் பாக்குறேன். யாரும் யாருக்கும் பாக்கி இல்ல." தம் மகனை என் மடியில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து தஸ்னீமுக்குப் பால் கொடுத்தார். "சும்மா இரு ஹமூதி, ஒனக்கும் இருக்கு" என்று மகனை அதட்டினார். செவ்வாய்க்கிழமை இங்கே ஊசி போட்டதிலிருந்து அவனும் ராத்திரியெல்லாம் அழுகிறான் என்றும் சொன்னார்.

6. தாங்கள் அறிந்ததே, ஒருத்தியிடம் பால் குடித்த குழந்தை அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு ஆகிவிடுகிறது. அவர்களுக்குள் திருமணம் கூடாது. ஆகவே பால் கொடுத்தவர் தம் பெயரையும் குடும்பத்தையும் சொல்வார், நாமும் சொல்வோம். அதற்கு ஒரு நிமிடம் போதும். நான் கேட்பதற்காக வாயைத் திறந்த நேரத்தில் வாசல் காவலர் ஜாதுல்லாஹ் அவர்கள் தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். "இதென்ன பால் கடையா? வண்டி வர்ற வழி. எந்திரி, எந்திரி!" என்றார். "குடிக்கிற புள்ள வாயிலேருந்து புடுங்கச் சொல்றியா? ஒங்கம்மா ஒனக்கு எங்க ஒக்காந்து குடுத்தாளாம்?" என்று அந்தப் பெண் கேட்டார். கல்தூம் அம்மாவும் சும்மா இருக்கவில்லை. "ஆபீசுக்கு என் டீ மட்டும் உள்ள ஓடுது, புள்ளைக்குப் பாலு உள்ள போவக் கூடாதாக்கும்" என்றார். காவலருக்குக் கோபம் கூடிவிட்டது. ஆட்டோவும் வந்து ஹாரன் அடித்தது. அந்தப் பெண் தஸ்னீமை என் கையில் திணித்துவிட்டு, மகனை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார். அந்த ஒரு நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

7. வீட்டில் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று கல்தூம் அம்மா பிறகு கேட்டார். என் விஷயமாக இருந்தால் விட்டிருப்பேன். இது தஸ்னீமுடையது.

8. பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவான். அவன் அந்த மஞ்சத் தவ்ப்காரி மகனான்னு எப்படிடி தெரியும்? வர்றவன் வாயத் தொறந்து பாக்கவா?" என்றார். அக்காவைப் பார்த்து, "ஊராம் புள்ளையெல்லாம் எறக்கிவிடப் போனா, தன் புள்ளைய நடுரோட்டுல விட்டுட்டா" என்றார். பள்ளிவாசல் ஷேக்கிடம் கேட்டோம். ஒரு மிடறு குடித்தாலும் உறவு உறவுதான், இதில் பாவம் ஒன்றும் இல்லை, அந்தப் பெண்ணைக் கண்டு குடும்பத்தைத் தெரிந்துகொண்டால் தீர்ந்தது என்றார். அந்தப் பெயர் தெரியும்வரை ரிஹாப் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று பெரியம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அக்காவின் கணவருக்குப் போன் செய்தோம். "அம்மா சொல்றதுதான்" என்று வைத்துவிட்டார்.

9. பயிற்சி இந்த மாதத்தோடு முடிகிறது. அக்காவின் வருகை குறைந்துவிட்டால் இந்த ஆண்டு அவளுக்குக் கணக்கில் வராது. இன்னும் ஓர் ஆண்டு படிக்க இரண்டு வீட்டிலும் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அவளும் கேட்க மாட்டாள். வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் காயவைத்து மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டாள். டின்னைப் பிடிக்கச் சொல்லி இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. அதில் பெரியம்மா மாவு போட்டு வைக்கலாமா என்று பார்த்தார். அடி இல்லாததால் திரும்ப வைத்துவிட்டார்.

10. ஆகவே நான் மட்டும் பஸ் ஏறி வந்து தேடுகிறேன். மடியில் குழந்தை இல்லாமல் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. ஆட்டோக்காரர்களிடம் கேட்டேன். நான் கேட்டதே அவர்களுக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்த பிறகு, "மஞ்சத் தவ்ப்பா? என் வீட்லயே ரெண்டு இருக்கு, எது வேணும்?" என்று ஒருவர் சிரித்தார். ஹமூதி என்ற செல்லப்பெயரை வைத்துத் தேடலாம் என்றால், முஹம்மது, அஹமது, மஹ்மூத், ஹாமித் எல்லாருமே வீட்டில் ஹமூதிதான். என் தம்பியும் ஹமூதிதான்.

11. அந்தப் பையனுக்கு அடுத்த ஊசியும் இங்கேதான், ஒரு செவ்வாய்க்கிழமைதான் போடுவார்கள். அன்று நான் தடுப்பூசி அறை முன்னால் இருந்தால் அந்தப் பெண்ணைக் கண்டுகொள்வேன். முகம் நன்றாக நினைவிருக்கிறது. கேட்டிலேயே நின்று பார்க்க முயன்றேன். கூட்டமாக வருகிறார்கள், வெயிலுக்கு முகத்தை மூடிக்கொள்கிறார்கள். காவலரிடம் உள்ளே விடக் கேட்டேன். "புள்ள இருந்தா நோயாளி. புள்ள இல்லன்னா பார்வையாளர். பார்வையாளருக்கு நாலு மணி" என்றார். ஊசி போடுவது மதியத்தோடு முடிந்துவிடுகிறது. மறு வாரம் தஸ்னீமைத் தூக்கிக்கொண்டு போனேன். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் இந்த வயசுக்கு உள்ள எல்லா ஊசியும் போட்டாச்சே, அப்ப இது நோயாளி இல்ல" என்று திருப்பி அனுப்பினார்.

12. ஐயா, காவலரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உத்தரவை எழுதியவர் அவர் அல்ல. நான் கேட்பது இதுதான். வரும் செவ்வாய்க்கிழமைகளில் தடுப்பூசி அறைக் கதவருகே தரையில் உட்கார என்னை அனுமதியுங்கள். யாருக்கும் இடைஞ்சல் தர மாட்டேன். வருகிற தாய்மாரை நானே கேட்டுக்கொள்கிறேன். முன்பின் தெரியாதவரிடம் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பேன். மேலும், பிரசவம் பார்க்கப் படிக்கிற பெண்களின் பால் குடிக்கும் குழந்தைகள் கேட்டுக்கு உட்பக்கம், அந்த வேப்பமரத்தடியில் காத்திருக்க இடம் தாருங்கள். வார்டுக்கு உள்ளே வர மாட்டோம். மரத்தடி போதும்.

13. பதில் வரும்வரை நான் காலையிலிருந்து கல்தூம் அம்மாவின் அடுப்பருகே இருப்பேன். என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினால் சற்றுச் சத்தமாகக் கூப்பிடச் சொல்லவும். சில நேரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன்.

இடம்: வத் ஹாஷிம்
நாள்: 14 மார்ச் 2018

பணிவுடன்,
மஷாயிர் பாபிகிர் அல்-தாஹிர்

பின்குறிப்பு: இதை வாசலில் நின்றபடி சேர்க்கிறேன். உள்ளே வர முடியாததால் இம்மனுவைக் காவலரிடமே கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது. "என்ன எழுதிருக்க?" என்று கேட்டார். "உங்க மேல புகார், மாமா" என்றேன். தடியை மதிலில் சாய்த்து வைத்தார். பிறகு, "பேர முழுசா எழுது. ஜாதுல்லாஹ்ன்னு இங்க ரெண்டு பேரு இருக்கோம், ராத்திரி டியூட்டிக்காரன் தலையில விழுந்துடப் போவுது" என்றார். ஆகவே ஆறாம் பத்தியில் உள்ள பெயரை ஜாதுல்லாஹ் கமால் நூரைன், பகல் காவல், என்று படிக்கவும். நான் கேட்காமலேயே அவர் சொன்னார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.