ஏதாச்சும் உறுத்துதாடா?

அன்பும் கோபமும் சரிபாதியாக, என் அக்கா செல்விக்கு,

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. ராஜாகிரி மலைப் பாறைகளில் மறுபடி சூடு ஏறத் தொடங்கியிருக்கிறது. சாயங்காலம் ஆனால் மலைப்பக்கத்துக் காற்று உன் வீட்டுச் சன்னல் வழியாக அனலாக வருகிறது. குமரனின் கட்டிலைத் தள்ளிப் போடலாம் என்றால் உன் பிள்ளை விடமாட்டேன் என்கிறான். அவனுக்கு மலை தெரிய வேண்டுமாம்.

முதலில் அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். நன்றாக இருக்கிறான். நன்றாக என்றால், நீ விட்டுவிட்டுப் போன மாதிரியே இருக்கிறான். சாப்பிடுகிறான், செல்போனில் கிரிக்கெட் பார்க்கிறான், தோற்றால் பதினோரு பேரையும் பேர் சொல்லித் திட்டுகிறான். இடுப்புக்குக் கீழே எந்த மாற்றமும் இல்லை. முதுகில் படுக்கைப் புண் இல்லை. அதை மட்டும் இன்னொரு தடவை எழுதுகிறேன், படித்துச் சந்தோஷப்படு: இன்று வரை புண் இல்லை.

சென்னைக்குப் பெயின்ட் அடிக்கப் போன பிள்ளை சாரம் சரிந்து விழுந்தான். முதுகெலும்பு போய்விட்டது. ஆம்புலன்சில் அவனைக் கூட்டிக்கொண்டு நீ செஞ்சிக்கு வந்து இறங்கிய அன்று வாசலிலேயே என்னிடம் சொன்னாய்.

"கால் வராதாம்டி. புண்ணு வராம பாத்துக்கணுமாம்."

நீ அழவில்லை. மறுநாள் பீரோவைத் திறந்து பழைய புடவைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்துவிட்டாய்.

உனக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம், சொல். ஜாக்கெட்டில் கொக்கி போனால் ஊக்கு குத்திக்கொண்டு வருஷம் முழுக்க ஓட்டுகிற ஆள் நீ. உன் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தால் அன்றைக்கு வீட்டில் பண்டிகை. நெல் விற்பனைக் கமிட்டியில் சிந்திய நெல்லைக் கூட்டும் வேலைக்குப் போனாயே, அங்கேயும் மூலையில் பாதியை விட்டுவிட்டு வருகிறாய் என்று திட்டு வாங்கியவள்தானே? அப்படிப்பட்ட நீ, போர்வை என்று வந்ததும் வேறு ஒருத்தியாக ஆகிவிட்டாய். நான்கைந்து புடவைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, குறுக்கே நெடுக்கே நூல் ஓட்டி, பிள்ளைக்குக் கீழே விரிப்பாய். கீழே விரிப்பதைப் போய் யாராவது போர்வை என்பார்களா என்று கிண்டல் செய்தேன்.

"நான் கீழ இருந்து போத்துறேன்டி" என்றாய்.

என்னென்ன சட்டம் வைத்திருந்தாய்! பருத்தி மட்டும்தான். அதுவும் உடம்பில் கிடந்து கிடந்து நைந்த பருத்தி. பார்டரை வெட்டிவிட வேண்டும். கஞ்சித் தண்ணீர் பக்கத்திலேயே வரக் கூடாது. நூலின் நுனியில் முடிச்சு போடக் கூடாது, இரண்டு அடுக்குக்கு நடுவே ஓட்டி மறைத்துவிட வேண்டும். தோள்பட்டை, வால் எலும்பு, குதிகால் வரும் இடத்தில் ஒட்டு வரவே கூடாது. தலைமாட்டுக்கு அடையாளமாக ஓரத்தில் சிவப்பு நூல். ஒரு நாள் அதை நான் திருப்பி விரித்துவிட்டேன் என்று எப்படிக் கத்தினாய்! "தலமாடு கால்மாடு தெரியாத பொம்பள, பன்னெண்டாவது படிச்சி இன்னா பிரயோசனம்?" துணிக்கு ஏது தலையும் காலும் என்று எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது.

தைத்து முடித்ததும் கதவைத் தாழ்போட்டுவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, வெறும் முதுகோடு அதன் மேல் படுப்பாய். மத்தியான வெயிலில் மின்விசிறிகூடப் போடாமல். எழுந்து எனக்கு முதுகைக் காட்டுவாய்.

"பாருடி, கோடு எதுனா விழுந்துருக்குதா?"

"ஒண்ணே ஒண்ணு, முடி மாதிரி. அதெல்லாம் ஒண்ணும் செய்யாது."

"எங்க? தொட்டுக் காட்டு."

தொட்டுக் காட்டினால் தொலைந்தது. அன்றைக்கு ராத்திரிக்குள் அந்தப் பக்கம் முழுவதையும் பிரித்துவிடுவாய். ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று ஒரு தடவை கேட்டேன். "அவனுக்கு உறுத்துனா தெரியாதுடி. அவனுக்குத் தெரியாததால நமக்குத் தெரியணும்" என்றாய். அதற்குப் பிறகு நான் ஒழுங்காகக் கோடு பார்த்துச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் பொண்ணு, காற்று மெத்தை போட்ட பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள். "திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கிறதுதான்கா முக்கியம். மேல சுருக்கமில்லாம ஒரு துணி இருந்தா போதும். அவங்கள இவ்ளோ கஷ்டப்பட்டுத் தைக்க வேணாம்னு சொல்லுங்க." எப்படிச் சொல்வேன்? மெத்தையின் மோட்டார் ஒரு பக்கம் உர்ரென்று ஓட, அதன் பக்கத்தில் உட்கார்ந்து நீ நூல் கோத்துக்கொண்டிருந்தாய்.

எதற்காகத்தான் ஜனங்கள் இதைத் தைக்கிறார்கள் என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். வல்லத்தில் என் மாமியார் தைப்பது சிக்கனத்துக்கு. பக்கத்து வீட்டு பாத்திமா தைப்பது பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு. நீ தைப்பது, வேறு எதுவும் செய்ய முடியாததற்கு. பிள்ளையை எழுந்து நிற்க வைக்க முடியாது, அதனால் படுக்கையையாவது சரியாகச் செய்கிறாய். அப்படித்தான் நினைத்தேன். உன்னை முழுக்கப் புரிந்துகொண்டுவிட்டதாக எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

தினமும் காலையில் அவனை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு நீ கேட்பது நினைவிருக்கிறதா?

"ஏதாச்சும் உறுத்துதாடா?"

"இல்லம்மா. வெண்ண மாதிரி இருக்குது."

உடனே உன் முகம் தொங்கிப் போகும். ஒரு நாள் நான் பொறுக்காமல் கேட்டேன். "நல்லா இருக்குதுன்னுதான சொல்றான்? அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சி இப்டிப் போவுது?"

"ஒண்ணுமில்ல. பால் பொங்குது" என்று சமையலறைக்குள் போய்விட்டாய்.

அவனிடமும் கேட்டேன், நீ கமிட்டிக்குப் போயிருந்தபோது. உனக்குத்தான் அங்கே எதுவும் தெரியாதே, எந்தக் கணக்கில் வெண்ணெய் என்கிறாய் என்று. சிரித்தான். "கல்லு மேல போட்டாலும் எனக்கு ஒண்ணுதான் சித்தி. அம்மா விரல்ல குத்திக்கினு குத்திக்கினு தைக்குது. நல்லா இருக்குதுன்னு சொன்னா அதுக்கு ஒரு சந்தோசம்."

பிறகு நீ ரேஷன் கடை வரிசையில், பக்கத்தில் நின்றவளிடம் பையைக் கொடுத்து, "கொஞ்சம் புடி" என்று சொல்லிவிட்டு அப்படியே சரிந்தாய், எழுந்திருக்கவே இல்லை. பையை வாங்கியவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள். அதுவரை வந்து போய்க்கொண்டிருந்த நான், அதிலிருந்து இங்கேயேதான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் கடலைக்காட்டைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே வல்லத்திலிருந்து வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவரை நீ கஞ்சன் என்பாயே, கொஞ்சம் மாற்றிக்கொள்.

உன் போர்வைகள் தோய்த்துத் தோய்த்து நைந்துகொண்டே வந்தன. போன மாதம் ஒன்று தோய்க்கிற கல்லிலேயே நீளமாகக் கிழிந்தது. புதிதாக ஒன்று தைத்தே ஆக வேண்டும். கிழிந்ததைப் பிரித்துப் பார்த்தால் உன் கைவேலை பிடிபடும் என்று கூடத்தில் விரித்து உட்கார்ந்தேன். நீ சொல்லிக்கொடுத்தபடி எலும்பு படுகிற இடங்களைத்தான் எப்போதும் தடவிப் பார்ப்பேன். அன்றைக்குத்தான் மற்ற இடங்களிலும் கை போனது. கால்மாட்டுப் பக்கம், வலது ஓரமாக, விரலில் ஏதோ தட்டியது. முடிச்சு. ஒரு மிளகு அளவு, துணியின் நிறத்திலேயே நூல்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. மாட்டிக்கொண்டாயா அக்கா, என்னை எவ்வளவு பேசினாய் என்று. பிறகு கண் மங்கியிருந்திருக்கும், பாவம், நான் கவனிக்கவில்லையே என்று வருத்தமாகிவிட்டது. எதற்கும் பார்ப்போம் என்று பீரோவிலிருந்து இன்னொன்றை எடுத்து, சிவப்பு நூலைத் தலைமாட்டில் வைத்து விரித்துத் தடவினேன். அதிலும் முடிச்சு. அதே இடம். இருந்த எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில், நாலைந்து சுற்று சுற்றி இறுக்கிய முடிச்சு. மறதியாகப் போட்டது அப்படி இருக்காது.

மல்லாக்கப் படுத்தால் அவன் வலது கெண்டைக்கால் வருகிற இடம் அது. அங்கே எலும்பு இல்லை, சதைதான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. காலையில் எழுந்ததும் அந்த ஒரு காலை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பாயே, அது ஏன் என்று விளங்கியது. துணிக்குத் தலைமாடு வைத்தது விளங்கியது. டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் நீ வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். கால் வராது என்பதை ஒரு நாளும் நீ நம்பவில்லை. அம்மா, இங்கே உறுத்துகிறது என்று அவன் ஒரு தடவை சொல்வதற்காகத்தான் போர்வை போர்வையாகத் தைத்திருக்கிறாய். அது ஒன்று மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக மற்ற இடத்தையெல்லாம் வழவழவென்று வைத்திருந்தாய்.

அவனோ உன்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, தினமும் வெண்ணெய் என்றான்.

கூடத்தில் அத்தனை போர்வைகளுக்கும் நடுவே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவன் உள்ளேயிருந்து, "சித்தி, இன்னா சத்தத்தையே காணோம்?" என்றான். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நடக்காது என்று நான் சொல்லிவிடுவேன் என்று பயந்தாயா? சொல்லித்தான் இருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

நர்ஸ் பொண்ணிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். இத்தனை நாள் கழித்து உணர்ச்சி திரும்புமா என்று. என் கையைப் பிடித்துக்கொண்டாள். துணியில் ஒரு சின்ன முடிச்சு இருந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். "உறுத்துற எதுவும் வேணாம்கா, சதையா இருந்தாலும் செவந்துரும்" என்றாள். இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? முடிச்சு போட்டால் அவன் காலுக்கு ஆபத்து. போடாவிட்டால் அந்தக் காலை நான் கைவிட்டதாக ஆகிவிடுகிறது. டாக்டர் சொன்னதை முழுசாக நம்பியவள் நான். எனக்கு உன் நம்பிக்கை இல்லை. ஆனால் அதை நிறுத்துகிற தைரியமும் இல்லை.

அவனிடம் சொல்லிவிடலாமா என்றும் பார்த்தேன். சொன்னால் மறுநாளே உறுத்துகிறது என்பான். இத்தனை நாள் உனக்காக ஒரு பொய், இனி எனக்காக இன்னொரு பொய். அதனால் சொல்லவே முடியாது. கிரிக்கெட்டைத் தவிர அவன் வேறு எதையும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

துணி சேர்ப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. தெருவில் யாரும் பருத்தி கட்டுவதில்லை, எல்லாம் சிந்தெடிக். பாத்திமாதான் தன் வீட்டுக்காரரின் பழைய கைலிகளைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்தாள். "ஓரத்த வெட்டிரு கௌரி. செல்விக்கா ஓரம் சேக்காது" என்றாள். உன் சட்டம் ஊருக்கே தெரிந்திருக்கிறது. மேல் அடுக்குக்கு உன் நீலப் புடவையைப் போட்டேன். உன் துணிமணிகளை எடுத்துக் கொடுத்தபோது அதை மட்டும் நான் ஒளித்து வைத்திருந்தேன்.

எத்தனை தடவை பிரித்திருப்பேன் என்று கேட்காதே. கதவைத் தாழ்போட்டு, வெறும் முதுகோடு நானும் படுத்தேன். எழுந்த பிறகுதான் உறைத்தது, என் முதுகைப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் கால்மாட்டுக்கு வந்தபோது ஊசி நின்றுவிட்டது. கெண்டைக்காலுக்கு நேராக விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். பிறகு போட்டேன். உன்னுடையதைவிடக் கொஞ்சம் சின்னதாக.

இன்று காலை அவனை அதில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். உன்னை மாதிரியே, ஏதோ கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்பதுபோல் குரலை வைத்துக்கொண்டேன்.

"ஏதாச்சும் உறுத்துதாடா?"

மலையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை நாள் காலையில் நீ இப்படி நின்றிருப்பாய்?

"இல்ல சித்தி" என்றான். "சும்மா சொல்லல. அம்மா தைச்ச மாதிரியே இருக்குது."

நான் சமையலறைக்குள் போனேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. இருந்தாலும் போனேன்.

நாளைக்கும் கேட்பேன் அக்கா. கேட்ட கையோடு போர்வையை உருவிவிட்டு, அந்தக் காலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன், எண்ணெய் தேய்ப்பேன். மற்ற இடத்தில் ஒரு சுருக்கம்கூட இருக்காது, அதற்கு நான் பொறுப்பு. உறுத்துகிறது என்று அவன் வாயால் சொல்லாதவரை, எந்தப் போர்வையிலும் அந்த முடிச்சைப் போடாமல் விடமாட்டேன்.

உன் முதுகில் கோடு பார்த்த தங்கை,
கௌரி