இரண்டு டம்ளர், இரண்டு வயல்

ஆனி 18, செவ்வாய்

காலையில் மப்பு. மழை இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்து பன்னிரண்டாம் நாள். நம் வாய்க்காலுக்கு நேற்றுச் சாயங்காலம்தான் எட்டியது.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி. கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று. ஊசி போட்ட டாக்டரம்மா சின்னப் பெண். "வலிக்குதா பெரியவரே?" "பல்லு போனா போவுதும்மா. பெரியவரேன்னியே, அதான் வலிக்குது." நர்சுகள் எல்லாம் சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன். உதடு மரத்துப்போய், சட்டையெல்லாம் டீ. பக்கத்து ஆள் சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால் அஞ்சலை ஒரு காகிதத்தை நீட்டினாள். நிலத்துக்காரர் வீட்டுச் சின்னய்யா மெட்ராசிலிருந்து வந்திருக்கிறார், கொடுத்து அனுப்பியது. என் அஞ்சாம் வகுப்புக்கு எட்டின மட்டும் மூன்று தடவை படித்தேன். விஷயம் இதுதான்:

ரோட்டோர வயல் ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். என் பேரில் குத்தகைப் பதிவு உள்ளது. அதை நான் "மனமுவந்து" விட்டுக்கொடுக்கிறேன். வயலை ரைஸ்மில் கட்ட விற்கப்போகிறார். பதிலுக்கு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவருடைய இன்னொரு ஐந்து மா. அதிலும் என் பேரையே பதிந்து தருவார். 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் கையெழுத்து.

இருபத்திரண்டு வருஷம் உழுத வயல். அழுகை வரும் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. கோபம்? அதுவும் காணோம். உதடு மாதிரியே இருந்தது. ஊசி இன்னும் இறங்கவில்லை போல.

ஆனி 19, புதன்

ஊசி இறங்கிவிட்டது. பல் இருந்த இடம் வலி. மற்றது அப்படியேதான்.

சின்னய்யா நேரிலேயே வந்தார். (இனிமேல் சி.ஐ. கை வலிக்கிறது.) கரை வேட்டி. போன தடவை வேறு கரை. "வேட்டி அதேதானுங்களா, கரைய மட்டும் மாத்தித் தைக்கிறீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்தான், குறை சொல்லக்கூடாது.

"வயலுக்கு வயலு, முத்தையா. அதே அளவு, அதே வாய்க்கா, அதே தண்ணி. டிராக்டர் விட்டுச் சேறடிச்சே வெச்சிருக்கேன். நீ நேரா போயி நட்டுக்கலாம். வேறென்ன வேணும் உனக்கு?"

வேறென்ன வேணும் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. "சரிங்க" என்றேன்.

போகும்போது பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். வெளிநாட்டு விஸ்கி. கோட்டைப் படம் போட்டது. சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்தார்களாம். "வழக்கம்போல உன் குதிர்ல போட்டு வை. அம்மா கண்ணுல பட்டுச்சுன்னா ஊட்டை ரெண்டாக்கிடும். சனிக்கிழம மோட்டார் கொட்டாய்க்குக் கொண்டா."

இது அவர் அப்பா காலத்து வழக்கம். அந்த வீட்டு நெல் நம் குதிருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பாட்டில் மட்டும் வரும்.

ஆனி 20, வியாழன்

நம் வயலுக்கு டிராக்டர். இரண்டு சால் ஓட்டிச் சேறு. நடுவதா வேண்டாமா தெரியாமலே சேறடிக்கிறேன். நாற்று காத்திருக்காது.

செய்ய வேண்டியது: வடக்கு வரப்பு ஓரம் சீவி அண்டை வெட்ட. மண்வெட்டிக்குப் புதுக் காம்பு. அஞ்சலை காலுக்குச் சேற்றுப்புண் மருந்து. உப்புத் தண்ணீரில் வாய் கொப்புளிக்க.

விவசாயச் சங்கத்து ஆள் சைக்கிளை நிறுத்தினார். அந்த நாளில் மனு எழுதி என் பேரைப் பதிவில் ஏற்றியவர் அவர்தான். "கையெழுத்துப் போடாதய்யா. எதுக்குப் போடுறேன்னு கேட்டா உன்கிட்ட பதில் இருக்கா?" இல்லை. எதுக்குப் போடமாட்டேன் என்று கேட்டாலும் இல்லை. அதைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டு பெடலை மிதித்தார்.

ஆனி 21, வெள்ளி

மத்தியானம் திடீர் மழை. வேலை ஓடவில்லை. மச்சினன் கோவிந்து வந்தான். அஞ்சலையின் தம்பி. கையில் அரசாங்கக் கடையில் வாங்கின அரை பாட்டில். சேவல் படம் போட்டது, இருப்பதிலேயே மலிவு.

"மாமா, பல்லு புடுங்குன எடத்துக்கு இதாம் மருந்து."

குதிரில் கோட்டை இருக்கிற விஷயத்தை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒரே ஒரு வாய், ருசிக்கு என்று திறந்தோம். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, என்ன இருந்தாலும் ஃபாரின் ஃபாரின்தான் மாமா" என்றான். அவனைச் சும்மா விட மனசில்லை. துண்டை எடுத்து அவன் கண்ணைக் கட்டினேன்.

இரண்டு எவர்சில்வர் டம்ளர். ஊற்றினது அஞ்சலை. முறைத்துக்கொண்டேதான் ஊற்றினாள். ஊற்றும்போதே முகர்ந்து பார்த்து, "ரெண்டும் ஒரே மூட்டப்பூச்சி மருந்துதான். இதுக்கு எதுக்குக் கண்ணக் கட்டுறீங்க?" என்றாள்.

கோவிந்து மூன்று தடவை குடித்தான். மூன்று தடவையும் சேவலைத்தான் ஃபாரின் என்றான். "தொண்டையில பட்டு மாதிரி எறங்குது பாரு." எனக்கும் கட்டினார்கள். நான் ஒரு தடவை சரியாகச் சொன்னேன், இரண்டு தடவை தப்பு. பல் வலியால் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ருசி பார்த்து ருசி பார்த்துக் கோட்டை அரைக்கு இறங்கிவிட்டது. மிச்சத்தைச் சொம்பில் ஊற்றிவைத்து, கோட்டை பாட்டில் நிறையச் சேவலை ஊற்றினோம். அரை பாட்டில் போதவில்லை, கோவிந்து நனைந்துகொண்டே ஓடி இன்னொன்று வாங்கி வந்தான். நிறம்கூட மாறவில்லை.

அவன் உருண்டு உருண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். சத்தம் வந்தது, கேட்டது. உள்ளே ஒன்றும் ஆடவில்லை.

ஆனி 22, சனி

வெயில். சாயங்காலம் மோட்டார் கொட்டகை. சி.ஐ. நாற்காலியில். நான் சாக்கில். வறுத்த கெளுத்தி மீன், சோடா.

முதல் வாய். வாய்க்குள்ளேயே வைத்திருந்து முழுங்கினார். கண்ணை மூடினார். நான் மீன் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"முத்தையா."

"சொல்லுங்க."

"நம்மூரு சரக்கக் குடிச்சுட்டு இத ஒரு வாயி குடிச்சாத்தான்யா தெரியும், வித்தியாசம்னா என்னான்னு. பன்னண்டு வருசம் மரப்பீப்பாயில ஊறுது. அந்த மர வாசம் வருது பாரு."

"வருதுங்க. கொல்லையில கருவேல மரத்த வெட்டுனப்ப இதே வாசந்தான்."

அவரே எனக்கும் ஊற்றினார், அதிசயம். மூன்று ரவுண்டு. ரைஸ்மில்லில் கோவிந்துக்கு வேலை போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாராம். "வெள்ளிக்கிழம பத்து மணிக்கு வந்துரு." சரிங்க.

ஆனி 23, ஞாயிறு

டீக்கடையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆள் பேரைச் சொல்லவில்லை, "ஒரு பெரிய மனுஷர்" என்றேன். மர வாசம் வரைக்கும் நடித்துக் காட்டினேன். டீ ஆற்றுகிறவர் கையைச் சுட்டுக்கொண்டார். "அப்ப ரெண்டும் ஒண்ணுதான்றீங்களா?" "ஒண்ணுதான்யா. லேபிளக் கிழிச்சுட்டா சேவலும் ஒண்ணு, கோட்டையும் ஒண்ணு." எல்லாரும் ஆளுக்கொரு தடவை இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கோவிந்து கூட வந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னான்: "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக்கூடாது மாமா. வெல கொறஞ்சதும் ஒண்ணு, கூடுனதும் ஒண்ணுன்னு நீங்கதான் ஊருக்கே சொல்றீங்க. அப்ப அந்த வயலும் இந்த வயலும் மட்டும் என்னா வேறயா? போட்டுற வேண்டியதுதான கையெழுத்த?"

அவனுக்கு மில் வேலை. அதைச் சொல்லி வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டதில் தப்பு எங்கே என்று தெரியவில்லை. வீடு வரைக்கும் தேடினேன். சாப்பிடும்போதும் தேடினேன்.

ஆனி 25, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. வரப்பு வேலை.

இன்று காலையில் நானே கோவிந்துவைக் கூப்பிட்டேன். "துண்ட எடு. என் கண்ணக் கட்டு. ரெண்டு வயல்லயும் எறக்கு. எது எம்வயலுன்னு கால வெச்சு சொல்லிர்றேன். சொல்லிட்டா கையெழுத்து கெடயாது. சொல்லலன்னா போட்டுர்றேன், போ."

இரண்டிலும் சேறு அடித்து, கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்கிறது. அவன் என்னைச் சுற்றிச் சுற்றிவிட்டு, வாய்க்காலை நாலு தடவை இப்படியும் அப்படியும் கடக்க வைத்தான். ஒரு தடவை தள்ளியும் விட்டான், வேண்டுமென்றே. முதலில் ஒரு வயலில் இறக்கினான். நின்றேன். அப்புறம் இன்னொன்றில். வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"இதாண்டா! கால வெச்சதும் எப்பிடிக் கூப்புடுது பாரு. இருபத்திரண்டு வருசம்டா!"

துண்டை அவிழ்த்தால் எதிரே வாய்க்கால், அதற்கு அப்பால் ரோடு. நான் நின்றது அந்தப் பக்கத்து வயல்.

கோவிந்து சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். "விடுங்க மாமா, இப்பல்லாம் டிராக்டருதான ஓட்டுது" என்றான். உண்மைதான். ஆறு வருஷமாக வரப்பில் மண்வெட்டியோடு நிற்கிறேன். மடை திறக்கிறேன், அடைக்கிறேன். கால் எதைக் கண்டது.

சரி. தீர்ந்தது. நிம்மதி என்றுகூட எழுதலாம். எழுதிப் பார்த்தேன். அது எழுத்தாகத்தான் இருக்கிறது.

ஆனி 26, புதன்

காற்று. ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் இந்தக் காற்று.

அஞ்சலை பெரிய வாய்க்கால் பக்கம் வேறொருத்தர் வயலுக்கு நடவுக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு வந்தாள். கால் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் புண், வெள்ளையாக ஊறிக் கிடந்தது. நேற்று நடந்ததைச் சொன்னேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் சொன்னேன்.

இந்தப் பத்து நாளில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "அந்த வயலு கூப்புட்டுச்சா? என்னான்னு கூப்புட்டுச்சு, முத்தையான்னா, மாமான்னா?"

"நீ சொல்லிருவியா?"

"ஏன் சொல்லமாட்டேன்?"

"வா."

"இப்பதாங்க கால் கழுவுனேன்!"

வந்தாள். கண்ணைக் கட்டினேன். "ஏங்க, இந்தத் துண்ட தொவைக்கவே இல்லியா? அந்த மருந்து நாத்தம்." நானும் கோவிந்து மாதிரியே சுற்றிவிட்டேன். வாய்க்காலை ஆறு தடவை கடக்க வைத்தேன். "பொம்பளையக் கட்டி இழுக்குறாம் பாருன்னு ஊரு பேசப்போவுது."

ஒரு வயலில் இறக்கினேன். இரண்டு எட்டுகூட வைக்கவில்லை.

"இது நம்மளுது இல்ல."

"எப்பிடி?"

"கால உள்ள வாங்குது. எங்க அழுத்துனாலும் களிதான், அடியே இல்ல. இதுல முன்ன ரெண்டு பட்டம் நடவுக்கு வந்திருக்கேன். நத்தை ஓடு குத்தும். இங்க பட்ட புண்ணு ஆறவே ஆறாது. தண்ணி வடியாதுங்க இதுல. கார்த்திகை மழையில நட்டதெல்லாம் அழுவித்தான் போச்சு. அதுனாலதான முன்ன குத்தகைக்கு உழுத ஆளு உட்டுட்டே போனான்?"

மறுபடி சுற்றிவிட்டு நம் வயலில் இறக்கினேன். வடகிழக்கு மூலை. கட்டைவிரலைத் திருகித் திருகி உள்ளே விட்டாள்.

"இது நம்மளுது. கீழ மணலு தட்டுது. சேத்துக்கு அடியில ஒரு வெரலு அளவுக்கு அந்தாண்ட மணலு. குனிஞ்சு நாத்து ஊனுறப்ப இது தட்டுனாத்தான் ஒரு நிம்மதி. இடுப்பு வலி தெரியாது."

துண்டை அவளே அவிழ்த்துக்கொண்டாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. "கெளம்புங்க, ஒல வைக்கணும்."

இருபத்திரண்டு வருஷமாகப் பதிவில் இருப்பது என் பேர். இவளிடம் இந்த வயலைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. காகிதத்தை நீட்டின அன்றைக்கும் கேட்கவில்லை. இரண்டு டம்ளரை முகர்ந்து ஒண்ணு என்றாள், ஒண்ணாகத்தான் இருந்தது.

ஆனி 27, வியாழன்

நாளைக்கு நீயும் வா என்றேன். "எனக்கு அங்க என்னா வேல? எம்பேரா இருக்கு?" வா என்றேன். சரி, அந்தப் பச்சைப் புடவையை மடித்து வைக்கிறேன் என்றாள்.

கோவிந்து இரண்டு தடவை வீட்டைத் தாண்டிப் போனான், உள்ளே வரவில்லை. சொம்பில் வைத்த மிச்சம் அப்படியே இருக்கிறது. தொடவில்லை. ருசி இல்லை.

ஆனி 28, வெள்ளி

தாலுகா ஆபீஸ். பத்து மணி என்றார்கள், பன்னிரண்டுக்குக் கூப்பிட்டார்கள். சி.ஐ. இஸ்திரி போட்ட வேட்டி. ஆபீசர் தலையைத் தூக்காமலே, "முத்தையா? மனமுவந்து விட்டுக்கொடுக்கிறீங்க, சம்மதம்தானே? இங்க போடுங்க" என்றார். பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். பேனாவை மேஜை மேல் வைத்தேன்.

"இல்லீங்க."

"என்னது?" இது சி.ஐ. "போன வாரம் சரின்னியேய்யா?"

"அன்னைக்குச் சரின்னது நாக்குங்க. கால இப்பத்தான் கேட்டேன். அதுக்குச் சம்மதமில்ல. காலு இவளுது." அஞ்சலையைக் காட்டினேன். அவள் சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்ன பேசுற நீ? ரெண்டும் அஞ்சு மா, ஒரே வாய்க்கா. மேப்பப் பாருய்யா!"

"மேப்பு லேபிளு மாதிரிங்க, சின்னய்யா. லேபிளப் பாத்துத்தான் சனிக்கிழம நீங்களும் குடிச்சீங்க. அது சேவலுங்க. நம்ம கடையிலயே இருக்கறதுல மலிவு. பாட்டில் மட்டுந்தான் கோட்டை."

சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. ஆபீசர் தலையைத் தூக்கினார். பக்கத்து மேஜை கிளார்க்குக்கு இருமல். சி.ஐ. முகத்தில் ரத்தம் ஏறினது தெரிந்தது. "கோர்ட்டுல பாத்துக்கிறேன்." போய்விட்டார். கரை தரையில் புரண்டது.

ஆபீசர் மனுவில் ஏதோ எழுதி ஓரமாகப் போட்டார். "கேஸ் போடுவார். தெரியும்ல?" "தெரியுங்க."

பஸ்ஸில் அஞ்சலை: "அந்தப் பாட்டுல் கதைய அங்க எதுக்குச் சொன்னீங்க? இனிமே தம்பிக்கு யாரு வேல குடுப்பா?" கொஞ்ச தூரம் போனதும், "மர வாசம்னாராமே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே வயல். வேட்டியை மடித்துக் கட்டி வடகிழக்கு மூலையில் இறங்கினேன். அவள் செய்த மாதிரியே கட்டைவிரலைத் திருகினேன். சேறு. இன்னும் சேறு. ஒன்றும் தெரியவில்லை. எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

தட்டியது. சில்லென்று, நறநறவென்று.

எவ்வளவு நேரம் நின்றேனோ. அஞ்சலை நாற்றங்காலிலிருந்து கூப்பிடுகிறாள், முதல் நாற்றுக் கட்டைத் தூக்கிவிட ஆள் வேணுமாம்.